லோ பவரில் வைத்தால் ஹேம் செட்டும் எஃப்.ஆர்.எஸ். ஆகிவிடுமா?

பழைய_ஆண்டெனா:
மலையேற்றத் திரியில் மலைக்காற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கையடக்க ஹேம் (அமெச்சூர் வானொலி) செட்டை லோ பவரில் வைத்து எஃப்.ஆர்.எஸ். (பொதுமக்களுக்கான குறுந்தூர வாக்கி-டாக்கி சேவை) சேனலில் தாராளமாகப் பேசலாமாம், லைசென்ஸே வேண்டாமாம். அமெரிக்காவில் எஃப்.ஆர்.எஸ்.க்கு ஆளுக்கு லைசென்ஸ் வேண்டாம்தான். ஆனால் செட்டுக்கு, அங்கே வானொலியை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி.யின் பார்ட் 95 விதிப்படி சான்று வேண்டும், ஆண்டெனா கழற்ற முடியாததாக இருக்க வேண்டும். உங்கள் செட்டில் திருகினால் கையோடு வந்துவிடும். கதை முடிந்தது.

மலைக்காற்று:
வரம்பு 2 வாட். என் செட் லோவில் 1 வாட். ஒன்று பெரிதா இரண்டு பெரிதா, சொல்லுங்கள் சார்.

பழைய_ஆண்டெனா:
2017 திருத்தத்தில் 2 வாட் கிடைத்தது 1–7, 15–22 சேனல்களுக்கு மட்டும். 8 முதல் 14 வரை இன்றும் அரை வாட்தான். அங்கே உங்கள் லோவே இரண்டு மடங்கு. அது கிடக்கட்டும். ஆண்டெனா கழலுமா, கழலாதா?

மலைக்காற்று:
சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிவிடுகிறேன். இப்போது திருப்தியா?

பழைய_ஆண்டெனா:
சூப்பர் க்ளூவுக்கு எஃப்.சி.சி. சான்று தருவதில்லை.

குறுக்கலை:
இரண்டு பேரும் எந்த வாட்டைப் பேசுகிறீர்கள்? எஃப்.ஆர்.எஸ். வரம்பு ஈ.ஆர்.பி., அதாவது ஆண்டெனாவையும் சேர்த்த கணக்கு. லைசென்ஸ் எடுத்துப் பேசும் வாக்கி-டாக்கி சேவையான ஜி.எம்.ஆர்.எஸ்.ஸின் 50 வாட் வரம்போ டிரான்ஸ்மிட்டர் வெளியே தள்ளும் அளவு. முதலில் அதைத் தெளிவாக்கி...

பழைய_ஆண்டெனா:
வகுப்பை அப்புறம் எடுங்கள். கழலுமா, கழலாதா?

மலைக்காற்று:
சரி, 35 டாலர் கட்டி ஜி.எம்.ஆர்.எஸ். லைசென்ஸ் வாங்கினால்? தேர்வு கிடையாது, 10 வருஷம் செல்லும், குடும்பமே பேசலாம், ஆண்டெனாவையும் கழற்றலாம். அங்கே புண்ணியம், இங்கே பாவமா?

பழைய_ஆண்டெனா:
அங்கேயும் பார்ட் 95 சான்று பெற்ற செட்தான் வேண்டும். உங்களுடையதில் 462.5625 என்று தட்டினால் முதல் சேனல். ஒரு எண் பிசகினால் யாரோ ஒருவர் தொழிலுக்குக் காசு கட்டி வாங்கிய அலைவரிசையில் போய் நிற்பீர்கள். ஹேம் அலைவரிசையில் மட்டும் டிரான்ஸ்மிட்டருக்குப் பெரும்பாலும் அந்தச் சான்று கேட்பதில்லை. ஏன் தெரியுமா? ஆளையே சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். நாங்கள் தேர்வு எழுதியவர்கள்.

ரிப்பீட்டர்_ராணி:
தொடங்கிவிட்டார். தேர்வு எழுதியதை இன்னும் எத்தனை திரியில் சொல்வீர்கள்? ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் நிலையம்) திறக்கும் டோனை எப்படி வைப்பது என்று கேட்ட புதுப் பெண்ணை "கையேட்டைப் படி" என்று துரத்தியதும் இந்தத் தேர்வு எழுதியவர்தான்.

பழைய_ஆண்டெனா:
கையேட்டின் நான்காம் பக்கத்தில் இருந்ததைக் கேட்டார். அந்தத் திரி மூடியாகிவிட்டது, இங்கே கேள்வி ஆண்டெனா.

மலைக்காற்று:
எந்த எஃப்.சி.சி. அதிகாரி மலையேறி வந்து என் ஆண்டெனாவைத் திருகிப் பார்க்கப்போகிறார்?

பழைய_ஆண்டெனா:
ஆக, கழலும் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

மலைக்காற்று:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 1 வாட், 2 வாட். கணக்கு என் பக்கம்.

குறுக்கலை:
எந்த வாட் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

ரிப்பீட்டர்_ராணி:
அந்தத் திரியை மூடச் சொல்லி மாடரேட்டருக்கு எழுதியதே நீங்கள்தானே, பழைய_ஆண்டெனா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய_ஆண்டெனா:
அதற்குத் தனித் திரி போடுங்கள், வருகிறேன்.