அருளானந்தர் புனிதராக 254 ஆண்டுகள் ஆனது ஏன்?

பெரம்பூர் மறைக்கல்வி ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் புனித ஜான் டி பிரிட்டோ என்னும் அருளானந்தரின் வரலாற்றை நடத்தி வருகிறேன். 1647இல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்து, இயேசு சபை என்னும் துறவற சபையில் சேர்ந்து, மதுரை மறைப்பணித் தளத்தில் பண்டாரசுவாமியாக, அதாவது எல்லாச் சாதியினரோடும் பழகும் துறவியாக, காவி உடுத்தி வாழ்ந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தவர் அவர் என்பதை மாணவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள். எல்லாரும் அறிய வேதசாட்சியாக, அதாவது நம்பிக்கைக்காக உயிர் நீத்தவராக, இறந்த ஒருவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் 1853 வரையிலும் புனிதர் பட்டம் 1947 வரையிலும் ஏன் தள்ளிப்போயின என்று ஒரு மாணவி கேட்டாள். உரோமையின் விசாரணைக்குக் காலம் பிடிக்கும் என்று மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. உண்மையான காரணம் என்ன?

மயிலை வரலாற்று ஆர்வலர்:
மாணவியின் கேள்வி மிகச் சரியானது. உரோமையில் தடையாக நின்றது அவர் இறந்த விதத்தைவிட அவர் வாழ்ந்த விதமே என்று சொல்ல வேண்டும்.

இயேசு சபைக் குருவான இராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரைக்கு வந்து, இந்நாட்டுத் துறவிகளின் உடையையும் உணவையும் மேற்கொண்ட நாள் முதலே, கிறிஸ்தவர்கள் எந்தெந்த உள்ளூர் வழக்கங்களைக் கைக்கொள்ளலாம் என்ற பூசல் தொடங்கிவிட்டது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நோபிலிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும் பூசல் ஓயவில்லை. அருளானந்தர் இறந்து பதினோரு ஆண்டுகளே ஆன நிலையில், 1704இல், திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், நெற்றியில் சாம்பல் பூசுவது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைக் கட்டுவது, திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கை விட்டுவிடுவது முதலிய பலவற்றைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். இப்போது உரோமையின் இக்கட்டை எண்ணிப் பாருங்கள். தடை செய்யப்பட்ட வழக்கங்களின் நடுவில் பணியாற்றிய ஒருவரைப் பீடத்தில் ஏற்றினால், அந்த வழக்கங்களையே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடாதா? இந்த ஆட்சேபம் அருளானந்தரின் புனிதர் பட்ட வழக்கை நெடுங்காலம் நிறுத்தி வைத்தது.

முடிச்சை அவிழ்த்தவர் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட். திருத்தந்தை ஆகும் முன்பே, புனிதர் பட்ட வழக்குகளில் ஆட்சேபங்களை எழுப்பும் பதவியில் இருபது ஆண்டுகள் இருந்தவர் அவர். அந்த வழக்கங்கள் அருளானந்தரின் வழக்குக்குத் தடையல்ல என்று 1741இல் அறிவித்த அவரே, 1744இல் தூர்னோன் விதித்த தடைகளைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தினார். மனிதரை ஏற்று, முறையை மறுத்த தீர்ப்பு இது. என் பார்வையில் இதில் நேர்மையும் உண்டு, நம் மண்ணுக்கு இழைத்த அநீதியும் உண்டு.

சாந்தோம் பங்கு மக்களில் ஒருவர்:
மேலே சொன்னதோடு சென்னைக்குரிய ஒரு செய்தியையும் சேர்க்க விரும்புகிறேன். அருளானந்தரோடு மதுரைத் தளத்தில் உழைத்த பிரான்சிஸ்கோ லாய்னஸ், அவரது வேதசாட்சி மரணத்தைப் பற்றி எழுதியவர். தூர்னோனின் ஆணையை எதிர்த்து உரோமை வரை சென்று, 1707இல் இந்திய மறைப்பணியின் தரப்பை விளக்கி நூல் வெளியிட்டவர். பின்னர் மயிலாப்பூரின் ஆயரானவர். ஆகவே இந்த வழக்கின் ஒரு முனை நம் சாந்தோமில்தான் இருந்தது.

தாமதத்துக்கு அந்த வழக்கங்கள் மட்டுமே காரணமும் அல்ல. 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டு 1814இல்தான் மீண்டது. வழக்கை முன்னெடுத்துச் செல்ல வேண்டிய சபையே இல்லாதிருந்த நாற்பது ஆண்டுகள் அவை.

தாம்பரம் வாசகர்:
உள்ளூர் வழக்கம் என்று சொல்லும்போது ஒன்றை மறைத்துவிடக் கூடாது. நோயுற்ற பறையர் கிறிஸ்தவர்களின் வீடுகளுக்குக் குருக்கள் செல்லாமல் இருந்ததும் அன்று வழக்கம் என்ற பெயரில்தான் நடந்தது. தூர்னோனின் ஆணை அதையும் கண்டித்தது. அந்தப் பகுதியை வாசிக்கும்போது நான் உரோமையின் பக்கமே நிற்கிறேன். பிராமணத் துறவியாக வாழ்ந்த நோபிலியால் எல்லாச் சாதியினரோடும் பழக முடியவில்லை. அக்குறையைத் தீர்க்கவே 1640 வாக்கில் பண்டாரசுவாமி முறை உருவானது. அருளானந்தர் அந்த முறையைத் தேர்ந்துகொண்டவர் என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள்.

பெரம்பூர் மறைக்கல்வி ஆசிரியர்:
மூவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம். மறவர் இளவரசரான தடியத் தேவர் திருமுழுக்குப் பெறுவதற்காக ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கியதும், விலக்கப்பட்டவர்களில் ஒருவர் மறவர் நாட்டை ஆண்ட சேதுபதியின் உறவினர் என்பதும்தானே கொலைக்கு நேர்க்காரணம்? இதை அரச குடும்பப் பகை என்று யாரேனும் சொன்னால் என்ன விடை?

மயிலை வரலாற்று ஆர்வலர்:
திருமுழுக்கு யோவானின் வரலாற்றைக் காட்டுங்கள். ஏரோதின் முறையற்ற திருமணத்தைக் கண்டித்ததற்காகவே அவர் தலை வெட்டப்பட்டார். அவரைத் திருச்சபை தொடக்க முதல் வேதசாட்சியாகவே போற்றி வருகிறது. நம்பிக்கை கற்பிக்கும் ஒழுக்கத்துக்காக இறப்பதும் நம்பிக்கைக்காக இறப்பதே. மேலும், இந்தப் பகை 1693இல் திடீரென்று முளைத்ததன்று. 1686இலேயே மறவர் நாட்டில் (இராமநாதபுரம் பகுதி) அருளானந்தரைப் பிடித்துச் சித்திரவதை செய்து, மீண்டும் வந்து போதித்தால் உயிர் போகும் என்று எச்சரித்து விடுவித்தார்கள். அதன்பின் லிஸ்பனுக்குச் சென்றபோது, இளமைத் தோழர் பேதுரு அரசராகவே இருந்தார். அங்கேயே தங்கிவிடும்படி வற்புறுத்தவும் செய்தார். அதை மறுத்து, எச்சரிக்கை இன்னும் நிலுவையில் இருந்த அதே மறவர் நாட்டுக்கே அவர் திரும்பி வந்தார். தடியத் தேவரைச் சந்தித்தது அதற்குப் பிறகுதான்.