எந்தப் பேப்பர் யார் பக்கம்? பிரிட்டனில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஹாரோ கடைக்காரன்:
2015 தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால், ஏப்ரல் 30. விடியக்காலையில் கட்டு வந்து இறங்கியதும் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். சன் பேப்பரின் முதல் பக்கத்தில் அப்போதைய பிரதமர் கேமரன், துணியில் சுற்றிய பச்சைக்குழந்தையாக. அரண்மனையில் அடுத்த பிள்ளை பிறக்கப்போகிற நேரம், அதை வைத்து நையாண்டி. டோரிக்கு, அதாவது அவருடைய கன்சர்வேடிவ் கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள், ஸ்காட்லாந்து தேசியக் கட்சியான எஸ்என்பி நாட்டை ஆளவிடாமல் தடுங்கள் என்று எழுதியிருந்தது. அந்த நேரம் கிளாஸ்கோவில் கடை வைத்திருக்கிற என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்புகிறான். அதே சன், அதே நாள், ஸ்காட்லாந்துப் பதிப்பு. எஸ்என்பி தலைவி நிக்கோலா ஸ்டர்ஜன் விண்வெளிப் படத்து இளவரசி வேடத்தில் நிற்கிறார், எஸ்என்பிக்கு ஓட்டுப் போடச் சொல்லி! போன் போட்டு, "டேய், நீ ஆரை விக்கிறியோ அவையைத் தடுக்கச் சொல்லித்தான் என்ர பேப்பர் சொல்லுது" என்றேன். அவன் கொட்டாவி விட்டபடி, "இஞ்ச இதுதான் போகும் அண்ணை" என்றான். அதற்கு மேல் விளக்கம் எனக்கு இன்றுவரை யாரும் தரவில்லை.

மெர்சிக்கரை மாணவன்:
லிவர்பூலுக்கு யாராவது படிக்கப் போனால் முன்னாடியே சொல்லிவிடுங்கப்பா. ரயிலில் யாரோ விட்டுப்போன சன்னை ஃபுட்பால் பக்கத்துக்காக எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, லைம் ஸ்ட்ரீட்டில் இறங்கி டாக்சியில் ஏறினேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார், வண்டியை எடுக்கவில்லை. அதை வெளியே போட்டுவிட்டு வா, நான் நிற்கிறேன் என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. இறங்கிப் போய்க் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அப்புறம் வழியெல்லாம் ஊரின் இன்னொரு ஃபுட்பால் கிளப்பான எவர்டனைப் பற்றியே பேசினார், பேப்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1989-ல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் சிக்கிய நெரிசல், இறந்த 97 பேர், நாலு நாள் கழித்து சன் 'உண்மை' என்று தலைப்புப் போட்டு ரசிகர்கள் மேலேயே பழி போட்டது எல்லாம் ஹாஸ்டலில் ஒருத்தன் சொல்லித்தான் தெரியும். எவர்டன்காரரும் அதை வாங்குவதில்லை என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தேம்ஸ் நீலா:
2009 அக்டோபர். அந்த வருடம் இலங்கைப் போரை நிறுத்தச் சொல்லி நாடாளுமன்றச் சதுக்கத்தில் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தாரே பரமேஸ்வரன் சுப்பிரமணியம், அவரைப் பற்றிய செய்தி. வேலையிடத்தில் சாப்பாட்டு மேசையில் என் எதிரே இருந்தவர் டெய்லி மெயிலை என் பக்கம் தள்ளி, தலைப்பில் விரலை வைத்து, "உங்கள் ஆள் பர்கர் சாப்பிட்டிருக்கிறார் போல" என்று சிரித்தார். நான் அந்தக் கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்றவள், அவர் தண்ணீர் குடிக்கவே பட்ட பாட்டைப் பார்த்தவள். என் சோற்றை மூடி வைத்துவிட்டேன். போராட்டத்துக்குக் காவல் போட்ட செலவையும் சேர்த்து, 70 லட்சம் பவுண்டு பர்கர் என்கிற தொனியில் தலைப்பு. சன்னும் இதையே போட்டது. 2010 ஜூலையில் இரண்டு பேப்பரும் மன்னிப்புக் கேட்டன, மெயில் 47,500 பவுண்டும் சன் 30,000 பவுண்டும் நட்டஈடு கொடுத்தன. அவர் ஒளிந்து பர்கர் தின்றதைக் காட்டுகிற வீடியோ எதுவும் போலீசிடம் இல்லையாம். எதிரே இருந்தவர் அதற்குள் வேறு கம்பனிக்குப் போய்விட்டார், அவரிடம் காட்ட வேண்டும் என்று நான் வெட்டி வைத்த துண்டு இன்னும் பைலில் கிடக்கிறது.

ரெடிங் வெங்கட்:
நீலா மேடம், வருத்தமான விஷயம்தான், ஆனால் இது சாய்வு என்பதற்குள் வராது. அது பொய்ச் செய்தி. தம்பி சொன்ன ஹில்ஸ்பரோவும் அப்படித்தான். இரண்டையும் குழப்பக்கூடாது.

என் அனுபவம் சின்னது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறுவதா என்று கேட்ட 2016 பிரெக்ஸிட் ஓட்டெடுப்புக்கு முந்தைய ஞாயிறு, பக்கத்து வீட்டுப் பாட்டி பேப்பரை ஆட்டிக்கொண்டு வேலியோரம் வந்து, இவர்களுக்குப் பைத்தியமா என்று கேட்டார். வாரம் முழுக்க வெளியேறு என்று எழுதுகிற டெய்லி மெயிலின் ஞாயிற்றுப் பேப்பரான மெயில் ஆன் சண்டே, இருந்துவிடு என்று எழுதிவிட்டது. ஒரே முதலாளி, இரண்டு ஆசிரியர்கள். சன், டைம்ஸ் பேப்பர்களின் முதலாளி முர்டாக்கிடமும் இதே கதை தலைகீழாக: டைம்ஸ் இருக்கச் சொன்னது, சண்டே டைம்ஸ் வெளியேறச் சொன்னது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். இங்கே டிவி, ரேடியோவுக்குத்தான் நடுநிலை கட்டாயம், அதைப் பார்க்க ஆஃப்காம் இருக்கிறது. பேப்பருக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது, வெளிப்படையாகவே கட்சிக்கு ஓட்டுக் கேட்கலாம். அதனால் தினமும் இரண்டு வாசியுங்கள். டெலிகிராஃப் என்றால் டோரி, அதற்குப் பட்டப்பெயரே டோரிகிராஃப். மெயிலும் அந்தப் பக்கம். எக்ஸ்பிரஸ் இன்னும் ஒரு படி தாண்டி 2015-ல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறச் சொன்ன யூகிப் கட்சிக்கே எழுதியது. மிரர் 1945-லிருந்து லேபர், அதாவது தொழிற்கட்சி. கார்டியன் இடது என்பார்கள், ஆனாலும் 2010-ல் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு எழுதியது. கார்டியனுக்கு முதலாளி இல்லை, ஸ்காட் டிரஸ்ட் என்ற அமைப்பு இருக்கிறது. எனவே காலையில் கார்டியன், மாலையில் டெலிகிராஃப், வார இறுதியில் ஒன்று மாற்றி ஒன்று என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்தில் பிடிபட்டுவிடும். பிள்ளைகளையும் பழக்குங்கள். தலையங்கத்தை முதலில் வாசிக்காதீர்கள். பைனான்சியல் டைம்ஸ் பிங்க் தாள், பணக்காரர் பேப்பர், எப்போதும் டோரி, அதை விட்டுவிடலாம்.

தேம்ஸ் நீலா:
வெங்கட் அண்ணா, யார் ஆலோசனை கேட்டார்கள்? எந்தக் கூட்டத்தைப் பற்றி எழுதினால் யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்று ஒரு ஆசிரியர் கணக்குப் போடுகிறாரே, அதற்குப் பெயர் சாய்வு இல்லாமல் வேறென்ன? கட்சிப் பெயரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

சட்டத்துறைச் சாரு:
நீலா அக்கா பக்கம் நான். 2016 நவம்பர் 4 காலை, நான் வேலை பார்த்த சட்ட அலுவலகத்தின் வரவேற்பறையில் எல்லாப் பேப்பரும் வரிசையாகப் பரப்பியிருக்கும். பிரெக்ஸிட்டைத் தொடங்க நாடாளுமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று முந்தைய நாள் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். மெயிலில் மூவர் படமும் போட்டு 'மக்களின் எதிரிகள்' என்று தலைப்பு. எங்கள் சீனியர், குரல் உயர்த்தி யாரும் கேட்டிராத மனுஷர், கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்த ஒரு பேப்பரை மட்டும் குப்புறக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் காத்திருந்த ஒரு கிளையன்ட் அதை எடுத்து நிமிர்த்தி வாசிக்க ஆரம்பித்தார். நானும் ரிசப்ஷனிஸ்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஹாரோ கடைக்காரன்:
வெங்கட் தம்பி, பிங்க் பேப்பர் எப்போதும் டோரி என்று யார் சொன்னது? 1992-ல் அது லேபரின் கின்னக்குக்கு ஆதரவாக எழுதியது. அதே தேர்தலில்தான் சன் கின்னக்கின் தலையைப் பல்புக்குள் வைத்து, இவர் ஜெயித்தால் கடைசியாக நாட்டை விட்டுப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று போட்டது. 2024-லும் பைனான்சியல் டைம்ஸ் லேபர்தான். சன் என்றால் வலது என்பதும் அரைக் கதை. 1964-ல் டெய்லி ஹெரால்ட் என்கிற தொழிலாளர் பேப்பரைப் பெயர் மாற்றித்தான் சன்னே வந்தது, முர்டாக் வாங்கியது 1969-ல். 1997-ல் லேபரின் பிளேர், 2009-ல் திரும்ப டோரி, 2024-ல் லேபரின் ஸ்டார்மர். எந்தப் பக்கம் ஜெயிக்கும் என்று தெரிகிறதோ அந்தப் பக்கம்.

ரெடிங் வெங்கட்:
1992 கணக்கில் வராது அண்ணே, பைனான்சியல் டைம்ஸ் அந்தத் தடவை ஏதோ அரைமனசாக எழுதியது. சன் விஷயத்துக்கு வருகிறேன். ஜெயிக்கிறவன் பக்கம் சாய்கிறதா, அது சாய்வதால் ஜெயிக்கிறானா என்பதைப் பற்றித் தனியாக விவரமாக எழுதுகிறேன், இரவு ஷிப்ட் முடியட்டும்.

மெர்சிக்கரை மாணவன்:
தயவுசெய்து வேண்டாம் அண்ணா.