பெண்கள் ஒலிம்பியாட் கோப்பைக்கு வேரா மென்சிக்கின் பெயர் வந்தது ஏன்?

கேள்வி:
2024இல் புடாபெஸ்ட்டில் ஹரிகா, வைஷாலி, திவ்யா, வந்திகா, தானியா ஆகியோர் அடங்கிய இந்திய அணி, சதுரங்க ஒலிம்பியாடின் பெண்கள் பிரிவில் தங்கத்துடன் வென்ற கோப்பை, வேரா மென்சிக்கின் நினைவாக வழங்கப்படுவது என்று படித்தேன். ஒலிம்பியாடில் ஒருமுறைகூட ஆடாத அவருடைய பெயரைச் சூட்டியதற்குக் காரணம் என்ன? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
அவர் ஆட விரும்பியிருந்தாலும் அன்று பெண்களுக்கான ஒலிம்பியாட் இருக்கவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். மாஸ்கோவில் 1906இல் பிறந்து, பின்னர் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் குடியேறி, அங்கே ஹங்கேரிய சதுரங்க வல்லுநர் கேசா மாரோட்சியிடம் பயின்ற மென்சிக், 1927இல் லண்டனில் நடந்த முதலாவது பெண்கள் உலகப் போட்டியில் வென்றார். ஆண்களின் முதல் ஒலிம்பியாடும் அதே ஆண்டில், அதே நகரில்தான் நடந்தது. அதன்பின் 1939 வரை நடந்த ஒவ்வொரு பெண்கள் உலகப் போட்டியிலும் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட அவர், 1944 ஜூன் மாதம் லண்டன் கிளாப்பம் பகுதியில் இருந்த வீட்டின்மீது ஜெர்மானியரின் பறக்கும் குண்டு விழுந்ததில், தாயுடனும் தங்கையுடனும் உயிரிழந்தார். இறக்கும்போதும் உலக வெற்றியாளர் அவரே. பெண்கள் ஒலிம்பியாட் 1957இல் நெதர்லாந்தின் எம்மனில் தொடங்கி, சோவியத் அணி முதலிடம் பெற்றது.

மறுமொழி 2:
மேலே உள்ளவற்றோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். 1929இல் கார்ல்ஸ்பாத் போட்டிக்கு அவர் அழைக்கப்பட்டபோது, அவரிடம் தோற்பவர்களைக் கொண்டு 'வேரா மென்சிக் கிளப்' அமைக்கலாம் என்று சக போட்டியாளர் ஆல்பர்ட் பெக்கர் ஏளனம் செய்தார். அவரிடம் தோற்று முதல் உறுப்பினர் ஆனவரும் பெக்கரே. மென்சிக் அப்போட்டியில் கடைசி இடத்தையே பெற்றார் என்றாலும், பின்னாளில் உலக வெற்றியாளரான மாக்ஸ் யூவே அவரிடம் இருமுறை தோற்றிருக்கிறார். அக்கால இந்தியாவின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் சுல்தான் கானும் தோற்றிருக்கிறார். ஆண்களுக்கு இணையாக அமர்ந்து ஆடிய இந்தத் துணிவே அந்தக் கோப்பைக்கு உரிய பெருமை என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. சோவியத் அணிக்காகப் பல ஒலிம்பியாடுகளில் ஆடிய நோனா கப்ரிந்தாஷ்விலியின் பெயர் இதைவிடப் பொருந்தியிருக்காதா?

மறுமொழி 1:
நண்பரே, பெண்கள் ஒலிம்பியாட் தொடங்கிய 1957இல் அவர் பதினாறு வயதுச் சிறுமி. 1962இல்தான் உலகப் பட்டம் பெற்றார். அவருடைய பெயரிலும் ஒரு கோப்பை உண்டு. பொதுப் பிரிவு, பெண்கள் பிரிவு இரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் சிறந்து விளங்கும் நாட்டுக்கு அது வழங்கப்படுகிறது. 2022இல் மாமல்லபுரத்தில் அதை வென்றது இந்தியாவே.