பேய்க்குகை ரயிலை எடுத்துவிட்டு நடந்து பார்க்கிற இடமாக மாற்றலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கிணத்துக்கடவு மெக்கானிக்:

வணக்கம்ங்க. கோயம்புத்தூர் பக்கம் ஒரு சின்னப் பொழுதுபோக்குப் பூங்காவில் பதினாறு வருஷமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்களிடம் பேய்க்குகை ரயில் ஒன்று இருக்கிறது. ஆறு பெட்டி, பெட்டிக்கு நாலு பேர், இருட்டுக்குள்ளே ஐந்து நிமிஷம் சுற்றிவிட்டு வெளியே வரும். பூங்கா திறந்த நாள்முதல் ஓடுகிற வண்டி. வளைவுகளில் தண்டவாளம் தேய்ந்துவிட்டது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பேரிங் போகிறது, எலும்புக்கூடுகளைத் தூக்கிவிடும் காற்று சிலிண்டர்களில் பாதி கசிகிறது. சவப்பெட்டியிலிருந்து எழுந்து உட்காரும் பொம்மைக்கு வலது கை தோளோடு கழன்றுவிட்டது, சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டி வைத்திருக்கிறேன். உதிரிப் பாகம் கிடைப்பதே இல்லை, எல்லாம் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவதுதான்.

பொங்கல் லீவில் ஒரு நாள் சாயங்காலம் செயின் அறுந்து வண்டி நடுக்குகையில் நின்றுவிட்டது. உள்ளே 22 பேர், பாதிக்கு மேல் பிள்ளைகள். மெயினை அணைத்துவிட்டு நானும் டிக்கெட் கிழிக்கிற அக்காவும் டார்ச்சோடு போய், ஒவ்வொரு பெட்டியாக இறக்கி, சுவர் ஓரமாக நடத்திக் கூட்டி வந்தோம். அப்போது ஒரு சின்னப்பிள்ளை அந்தச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "இது எப்படிங்க எந்திரிக்குது?" என்று கேட்டாள். வால்வைக் கையால் அழுத்திக் காட்டினேன், தொட்டியில் மிச்சமிருந்த காற்றில் புஸ்ஸென்று பொம்மை எழுந்தது. அவ்வளவுதான், அதுவரை அழுதுகொண்டிருந்த பையன்கூட "நான் அமுக்கறேன், நான் அமுக்கறேன்" என்று வந்து நின்றுவிட்டான். எல்லோரையும் வெளியே கொண்டுவர இருபது நிமிஷம் ஆனது. பெற்றவர்கள் கோபப்பட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் பிள்ளைகள் மறுபடியும் உள்ளே போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த வண்டியிலிருந்து இறங்கிய எந்தப் பிள்ளை முகத்திலும் அப்படி ஒரு ஆசையை நான் பார்த்ததில்லை.

முதலாளிக்கும் ரயிலை எடுத்துவிடும் எண்ணம் இருந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று வந்து பார்த்துவிட்டு, சுவர் முழுக்கத் திரை, மேலே ப்ரொஜெக்டர், ஆள் நடந்தால் கண்டுபிடிக்கிற சென்சார் என்று ஒரு திட்டம் கொடுத்திருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, எனக்கு மனசு ஒட்டவில்லை. கட்டடம் 30 மீட்டருக்கு 20 மீட்டர், தகரக் கூரை. அதற்குள் என்ன வைக்கலாம்? ரயிலில் மணிக்கு 180 பேர் போய் வருகிறார்கள், நடக்கவிட்டால் அந்தக் கணக்கு தேறுமா? மே லீவு முடிந்ததும் பிரிக்கப் போகிறோம், அதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஒண்டிப்புதூர் லேத்:

தம்பி, அந்தத் திரைத் திட்டத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆனியில் ஆரம்பித்து ஆடி முழுக்க அடிக்கும், உங்கள் பக்கம் புழுதி எப்படி வந்து படியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தகரத்துக்குக் கீழே அந்தச் சூட்டிலும் புழுதியிலும் ப்ரொஜெக்டர் ஃபில்டரை வாராவாரம் துடைக்க வேண்டும், ஒன்று படுத்தால் அந்தச் சுவரே கறுப்பாகிவிடும், அப்புறம் சர்வீஸ் ஆள் வரும்வரை அறையைக் கயிறு கட்டி மூடி வைக்க வேண்டியதுதான். அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளைகள் அமுக்க ஆசைப்பட்டது வால்வை. திரையை வீட்டிலேயே நாள் முழுக்கத் தடவுகிறார்கள், அதற்கு எதற்கு உங்கள் பூங்காவுக்கு வர வேண்டும்?

கையால் இழுத்தால், சுற்றினால், தள்ளினால் கண்ணுக்கு முன்னால் ஏதாவது நடக்கிற மாதிரி செய்யுங்கள். நம்மூரில் அதற்குப் பஞ்சமா? எங்கள் அப்பா பல்லடம் பக்கத்துத் தோட்டத்தில் கவலை ஓட்டியவர், அதாவது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற ஏற்றம். மாடு இரண்டும் வாரிச் சரிவில் இறங்கும்போது அவர் வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார், சால் என்கிற தோல் வாளி கிணற்றிலிருந்து மேலே வரும். கரையைத் தொடும் நேரத்தில் தும்பிக்கயிறு சாலின் தோல்வாயை இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் மொத்தமும் தொட்டியில் கொட்டும். மாட்டைப் பின்னாலேயே நடத்தினால் சால் மறுபடி உள்ளே போகும். இரண்டே கயிறு, ஒன்று மேல் உருளையில், ஒன்று கீழ் உருளையில். யாரும் சாலைத் தொட்டுக் கவிழ்ப்பதில்லை, கயிற்று நீளமே கவிழ்த்துவிடும். ஏழெட்டு வயசில் அதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நாலு பிள்ளைகள் சேர்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டு சரிவில் நடந்தால் சால் ஏறுகிற மாதிரி, பாதி அளவில் நானே செய்து தருகிறேன். சாலுக்கு ரெக்சின் போதும், உருளைக்குள் சீல் செய்த பேரிங், வருஷத்துக்கு ஒரு தடவை கயிறு மாற்றினால் சரி.

அடுத்த அறையில் மோட்டார். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் இங்கேயே மோட்டார் செய்தார்கள், அதற்குச் சில வருஷம் முன்னால்தான் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்திருந்தது. பழைய மோட்டார் ஒன்றை வெட்டி உள்ளே காயில் தெரிகிற மாதிரி வைத்து, கைப்பிடியைச் சுற்றினால் பல்பு எரிகிற மாதிரி இணைத்துவிட்டால், கெட்டாலும் நம்மூர்க் கடையிலேயே சாமான் கிடைக்கும்.

வளைகுடா ஆபரேட்டர்:

பத்து வருஷம் வளைகுடாவில் ஒரு பெரிய பூங்காவில் ஆபரேட்டராக இருந்துவிட்டு இப்போது சோமனூரில் இருக்கிறேன். உங்கள் கணக்குக் கேள்விக்கு வருகிறேன்.

கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 1969-இல் திறந்த ஹான்டட் மேன்ஷன் என்கிற பேய்மாளிகையை ஆரம்பத்தில் நடந்து பார்க்கிற வீடாகத்தான் யோசித்தார்கள். அவ்வளவு கூட்டத்தை நடத்தியே அனுப்ப முடியாது என்று கடைசியில் நிற்காமல் ஓடும் பெட்டிகளில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆகவே உங்கள் பயம் சரியான பயம். ஆனால் உங்களுக்குத் தேவை மணிக்கு 180, அது கைக்கு எட்டுகிற எண்தான். 15 பேராகச் சேர்த்து நாலு நிமிஷத்துக்கு ஒரு கூட்டம் உள்ளே அனுப்பினால் மணிக்கு 225. ஐந்து அறை, அறைக்கு நாலு நிமிஷம் என்றால் எந்நேரமும் உள்ளே 75 பேர். எங்காவது ஒரு அறை ஒரு நிமிஷம் கூடுதலாக எடுத்தால் எல்லாமே ஐந்து நிமிஷமாகிவிடும், அப்போதும் 180 வரும். அதனால் கவலை ஏற்றம் மாதிரி ஆசையைத் தூண்டுகிற சாமானை ஒன்றோடு நிறுத்தாமல் மூன்று வையுங்கள். வரிசை நிற்க ஆரம்பித்தால் பின்னால் இருக்கிற அத்தனை அறையும் அடைத்துக்கொள்ளும்.

அந்த 75 என்ற எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். 1984 மே 11 அன்று அமெரிக்காவில் நியூ ஜெர்சிப் பூங்கா ஒன்றில் நடந்து பார்க்கிற பேய்வீடு தீப்பிடித்து எட்டுப் பேர் இறந்தார்கள், எட்டும் இளவயசு. இருட்டில் வழி பார்க்க யாரோ லைட்டரைப் பற்றவைத்ததில் சுவரில் இருந்த ஃபோம் பிடித்துக்கொண்டது என்பதுதான் விசாரணையில் வந்தது. தண்ணீர் தெளிப்பான் கிடையாது. ராஜ்கோட்டில் 2024 மே மாதம் விளையாட்டு மையம் எரிந்ததை நாமே டிவியில் பார்த்தோம், எத்தனை குழந்தைகள். ரயில் என்றால் ஆள் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும், நடக்கிறவர் எந்த மூலையிலும் இருப்பார். ஆகவே தெர்மோகோல், ஃபோம், கறுப்புத் துணி எதுவும் உள்ளே வரக்கூடாது. ஒவ்வொரு அறையிலிருந்தும் நேராக வெளியே திறக்கும் கதவு, கூரையில் தெளிப்பான், ஒரே ஸ்விட்சைத் தட்டினால் சத்தம் எல்லாம் நின்று விளக்கு அத்தனையும் எரிய வேண்டும். இதற்குப் பணம் இல்லை என்று முதலாளி சொன்னால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, அமெரிக்காவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் 2023-இல் தண்ணீர்ப் பாதை ஒன்று திறந்தார்கள். நடந்துபோய்க் கையை நீட்டினால் தண்ணீர் எழும்புகிறது. முழுக்கத் திறந்தவெளி, இருட்டறையே இல்லை. உங்கள் கட்டடத்திலும் கூரையில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு வெளிச்சம் விட முடியுமா என்று பாருங்கள். தண்ணீரையும் இருட்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், வழுக்கும்.

சென்னிமலை டீச்சர்:

வருஷா வருஷம் ஆறாவது ஏழாவது பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறவள் என்பதால் எழுதுகிறேன். மோட்டாரும் கவலையும் நன்றாக இருக்கிறது, ஆனால் ஐந்து அறையும் ஐந்து துண்டாக நின்றால் பிள்ளைகள் ஓடிப்போய்க் கடைசிக் கதவில் நிற்பார்கள். எல்லாவற்றையும் கோக்க ஒரு நூல் வேண்டும். நொய்யல் ஆற்றை வையுங்களேன்.

வெள்ளியங்கிரியில் ஆரம்பம், அது ஈரமும் பச்சையுமாக ஒரு அறை. அப்புறம் அணைக்கட்டும் குளமும். சித்திரைச்சாவடி அணையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் குளத்துக்குக் குளம் தண்ணீர் கொண்டுபோன ஊர் கோயம்புத்தூர், நம் பிள்ளைகளுக்கு உக்கடம் குளம் என்றால் இப்போது படகும் செல்ஃபியும்தான். ஒரு மேசை மேல் மண்ணால் ஆறு செய்து, குட்டி மதகுகள் வைத்துவிடுங்கள். மேல்குளத்துப் பிள்ளை மதகைத் திறக்காவிட்டால் கீழ்க்குளத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் வராது. அவர்களே சண்டை போட்டு, அவர்களே முறை வைத்துக்கொள்வார்கள், நான் பாடம் நடத்த வேண்டியதே இல்லை.

அடுத்தது கொடுமணல். எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான், நொய்யல் கரை. அங்கே தோண்டியபோது இரும்பு உருக்கிய உலை, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு, சூதுபவளம் என்கிற சிவப்புக்கல், பச்சைக்கல், பளிங்கு என்று வேலை பாதியில் நின்ற மணிகள் கிடைத்தன. பாதியில் நின்ற மணிதான் முக்கியம். ஓட்டை போட ஆரம்பித்து உடைந்துபோன மணியைக் காட்டினால், அதை ஒருவர் கையில் பிடித்திருந்தார் என்று பிள்ளைகளுக்கு உடனே உறைக்கிறது. வில்லில் கயிறு சுற்றித் துளையிடுகிற சாமான் ஒன்றைச் செய்து, மாவுக்கல்லில் அவர்களே ஓட்டை போட்டு ஒரு மணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போகட்டும்.

திருப்பூரையும் விடாதீர்கள். 1992-இல் நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கிற நிலைமை வந்தது. 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள், அவர்களிடம் இதை மறைத்துவிட்டு ஆற்றைப் பற்றிப் பேச எனக்கு மனசு வராது. ஐந்து நிறத் தண்ணீரை ஐந்து குழாயில் விட்டு, வடிகட்டிச் சுத்தமாக்க எத்தனை தட்டு வேண்டும் என்று அவர்களே அடுக்கிப் பார்க்கட்டும்.

காங்கேயம் செல்வி:

எல்லோரும் நடக்கிறதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஆத்தாவுக்கு 78 வயசு, முட்டி தேய்ந்தவர். போன வருஷம் இப்படி ஒரு பூங்காவுக்குக் கூட்டிப்போனோம், அவர் ஏறிய ஒரே விளையாட்டு அந்த மாதிரி மெதுவாகப் போகிற ரயில்தான். பேத்தி பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள், ஆத்தா அவள் கண்ணைப் பொத்திவிட்டார். மற்ற நேரமெல்லாம் எங்கள் செருப்பையும் பையையும் காத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரயிலை எடுத்தால் அவரை எங்கே உட்கார வைப்பீர்கள் அண்ணா?

கிணத்துக்கடவு மெக்கானிக்:

செல்வி அக்கா கேட்டதைத்தான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை, ஞாயிற்றுக்கிழமை கேட்டில் நின்று எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் ரயில் ஏறியவர்களில் 31 பேர் வயசானவர்கள், இரண்டு பேர் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

இப்படி யோசித்திருக்கிறேன். பாதையை இட்டேரி மாதிரி விடலாம், இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே சக்கர நாற்காலி இரண்டு எதிரெதிரே போகிற அகலம். படியே கிடையாது, சரிவு எல்லாம் பன்னிரண்டு அடி நீளத்துக்கு ஒரு அடி ஏற்றம். ரயில் பெட்டி ஆறையும் பழைய இரும்புக்குப் போடாமல், சக்கரத்தைக் கழற்றிவிட்டு அறைக்கு ஒன்று இருக்கையாகப் பதிக்கிறேன், மிச்சம் ஒன்று வாசலில். உட்கார்ந்தபடியே ஆத்தா கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு மதகுப் பிடி வைத்துவிட்டால், அவர் திறந்தால்தான் பேத்திக்குத் தண்ணீர் வரும்.

தீயணைப்பு விஷயத்தை எண்களோடு முதலாளியிடம் படித்துக் காட்டினேன், தெளிப்பானுக்கு ஒத்துக்கொண்டார். கதவு மூன்று போதாதா என்று கேட்கிறார், ஐந்து இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

ஒண்டிப்புதூர் லேத்:

ஐந்தில் இருந்து இறங்காதீர்கள் தம்பி. சால் எத்தனை லிட்டர் என்று சொல்லுங்கள், பிள்ளைகள் இழுக்கிறார்கள் என்றால் எட்டுக்கு மேல் வேண்டாம். வாரிச் சரிவு எவ்வளவு நீளம் விட முடியும் என்று அளந்து அனுப்புங்கள், கயிற்றுக் கணக்கு அதில்தான் இருக்கிறது. அப்பா இருக்கிறார், 84 வயசு. தும்பிக்கயிறு முடிச்சு எனக்குச் சரியாக வராது, ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டி வருகிறேன். வாசலில் ஒரு பெட்டியைப் போட்டு வையுங்கள், உட்கார்ந்துகொண்டே கட்டிக் காட்டுவார்.