கிளை நூலகத்துக்கு வாட்ஸ்அப், முகநூல்: எதில் தொடங்குவது?

கேள்வி: பென்னாகரம் வாசகர்

வணக்கம். எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் காலையில் நாளிதழ் படிக்கப் பெரியவர்கள் வருகிறார்கள், நாள் முழுக்க குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாவல், வரலாறு, சிறுவர் நூல் எடுப்பவர்கள்தான் குறைவு. வாசகர் வட்டம் சார்பாக முகநூல் பக்கம் வைத்திருக்கிறோம். விழாப் படம் போட்டால் விருப்பக்குறி விழுகிறது, ஆனால் யாரும் புத்தகம் எடுக்க வருவதில்லை. நூலகர் ஒருவர்தான், உதவியாளர் கிடையாது. குறைந்த வேலையில் பலன் தர எதைச் செய்யலாம்?

பதில் 1: காரிமங்கலம் நூலகர்

முதலில் கூகுள் மேப். நம் பக்கத்துப் பல கிளைகளின் வேலை நேரம் அதில் தப்பாகவோ காலியாகவோ கிடக்கிறது. சின்னாறு தாண்டி பஸ் ஏறி வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்தால் மறுபடி வரமாட்டார். மேப்பில் நூலகத்தைத் தேடி, அதன் உரிமையாளர் கணக்காகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காலை, மாலை என இடைவெளி விட்ட நேரத்தைத் தனித்தனியாகவும் வார விடுமுறையைத் தெளிவாகவும் பதியுங்கள். நூலகத்தின் பெயரில் எந்தக் கணக்கு தொடங்கினாலும் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ். செயலி இலவசம்தான். நூலகரின் சொந்த எண் வேண்டாம், தனி சிம் வாங்குங்கள். ரீசார்ஜ் விட்டுப்போனால் எண் வேறொருவருக்குப் போய்விடும், அதனால் அந்தப் பொறுப்பை வாசகர் வட்டப் பொருளாளரிடம் ஒப்படையுங்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க ரகசிய எண்ணைப் போட்டு, பதிவேட்டில் எழுதி வையுங்கள்.

அதில் 'குயிக் ரிப்ளை' என்று, முன்பே எழுதிச் சேமித்த பதிலை உடனே அனுப்பும் வசதி உண்டு. நேரம், உறுப்பினராக என்ன கொண்டுவர வேண்டும், எத்தனை நாளில் திருப்ப வேண்டும் ஆகிய மூன்றையும் சேமித்தாலே வரும் கேள்விகளில் பெரும்பகுதிக்கு அது போதும். நூலகம் பூட்டிய நேரத்துக்குத் தானியங்கிப் பதில் வைக்கலாம். புத்தகம் கேட்பவர்களுக்கு 'கேட்டது', 'எடுத்து வைத்தது', 'வரவில்லை' என்று லேபிள் ஒட்டுங்கள். எடுத்து வைப்பது இரண்டு நாள்தான் என்று முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நல்ல நூலெல்லாம் மேசைக்கடியில் தூங்கும்.

பதில் 2: ஊத்தங்கரை வாசகர் வட்டம்

காரிமங்கலம் சார் சொன்னதோடு ஒன்று: வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிக்காதீர்கள். அட்மின் மட்டுமே எழுதும்படி பூட்டினாலும் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகள் வெளியேற அதுவே காரணம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் முழுதாக உதவாது, உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும்.

வாட்ஸ்அப் சேனல் நல்லது, அங்கே சேர்ந்தவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதில் ஒரு குறை. சேர்ந்தவுடன் அறிவிப்பு ஒலி அணைந்தே இருக்கும், மணிக் குறியைத் தொட்டால்தான் ஒலிக்கும். சேனலின் கியூஆர் குறியை அச்சிட்டு வருகைப் பதிவேடு இருக்கும் மேசையில் ஒட்டி, அதன் கீழே 'மணியைத் தொடவும்' என்று பெரிதாக எழுதுங்கள்.

இனி, என்ன போடுவது? விழாப் படத்தில் வந்தவர்கள் தங்கள் முகத்தைத் தேடுவார்கள், அவ்வளவுதான். புத்தகத்தைப் போடுங்கள், ஒரு தடவைக்கு மூன்று போதும். பத்து அட்டையை அடுக்கினால் எதுவும் மனதில் நிற்காது. பதிவேட்டில் ஏற்றி முத்திரை வைத்த பிறகே போடுங்கள், இல்லையென்றால் கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டிவரும். 'ஒரு பிரதி மட்டும், இடப்பக்கம் மூன்றாவது அலமாரி' என்று இடத்தையும் எழுதுங்கள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே படம் எடுத்தால் பளபளப்பு அட்டை வெள்ளையடித்துவிடும், ஜன்னல் ஓரமாகச் சாய்த்து எடுங்கள். பைண்டு செய்த பழைய நூலுக்கு அட்டை இருக்காது, தலைப்புப் பக்கத்தை எடுங்கள்.

ஊர்ச் சங்கதியோடு சேர்த்தால் இன்னும் நல்லது. ஜூலை 23 சுப்பிரமணிய சிவா நினைவு நாள். 1925இல் பாப்பாரப்பட்டியில் காலமானவர். அன்று அவரைப் பற்றி நான்கு வரியும், உங்கள் அலமாரியில் இருக்கும் அவர் வரலாற்று நூலின் படமும் போடலாம். டிசம்பர் 10 ராஜாஜி பிறந்த நாள், பிறந்த ஊர் ஓசூர் பக்கம் தொரப்பள்ளி. தகடூர் அதியமான், நம் மாவட்ட நடுகற்கள் என்று இருப்பதற்கெல்லாம் புத்தகம் உண்டு. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இதைப் பொது அறிவென்று படிப்பார்கள், நாம் அதன் வழியாக வரலாற்று அலமாரிக்கு இழுத்துவிடலாம்.

கேள்வியாளர்

நன்றி. தேர்வு நூல்களின் பிடிஎஃப் கேட்கிறார்கள். டெலிகிராமில் போடலாமா? சிறுவர் கதைநேரத்தை யூடியூபில் ஏற்றவும் எண்ணம்.

பதில் 3: கிருஷ்ணகிரி, நூலக அறிவியல்

விற்பனையில் இருக்கும் நூலை ஸ்கேன் செய்து போடாதீர்கள். பதிப்புரிமை ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் வரை உண்டு, நூலகம் என்பதால் விலக்கு கிடைக்காது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களும் பழைய பதிப்புகளும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. பாடநூல்களை அரசு தளத்திலேயே இறக்கலாம். கோப்பை அனுப்பாமல் இணைப்பை மட்டும் அனுப்புங்கள்.

கதைநேரத்திலும் இதே கவனம் தேவை. முழுக் கதையையும் படித்து ஏற்ற எழுத்தாளரிடமோ பதிப்பகத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாட்டுப்புறக் கதையைப் பாட்டிமார் சொந்த வாக்கில் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை, கேட்கவும் அதுதான் நன்றாக இருக்கும். பிள்ளைகள் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தைதான். கேமராவைப் பிள்ளைகளின் முதுகுப் பக்கம் வைத்துக் கதை சொல்பவரை எடுத்தால் பிரச்சினை பாதி தீரும்.

உறுப்பினர் எண்ணைப் பின்னூட்டத்தில் யாராவது போட்டால் உடனே நீக்கிவிட்டுத் தனிச்செய்திக்கு அழையுங்கள்.

பதில் 4: ஓசூர்க்காரன்

எல்லோரும் வாட்ஸ்அப்பையே சொல்கிறீர்கள். ஏற்கெனவே வாசலுக்குள் வந்தவருக்குத்தான் அது. வராதவர் கண்ணில் பட வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராம் ரீல் வேண்டும், 20 விநாடி, நிமிர்த்திப் பிடித்த போன், ஒரு புத்தகம், ஒரு கேள்வி. ஆனால் மாதம் நான்கு போட ஆள் இல்லையென்றால் தொடங்கவே வேண்டாம், செத்த பக்கம் பூட்டிய நூலகம் போலத் தெரியும். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் அலமாரியில் இருக்கும் தெலுங்கு, கன்னட நூல்களையும் அந்தந்த எழுத்திலேயே தலைப்பிட்டுக் காட்டுங்கள். அந்த வீடுகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த அறிவிப்பை அப்படியே ஒட்டினால் முகநூலில் குப்பையாக வரும், எல்லாப் போனிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றி ஒட்டுங்கள். அறிவிப்பைப் படமாக மட்டும் போட்டால் தேடலில் சிக்காது, கீழே எழுத்திலும் போடுங்கள்.

பலனை விருப்பக்குறியில் அளக்காதீர்கள். போட்ட மூன்று நூலும் பதினைந்து நாளில் வெளியே போயினவா என்று வழங்கல் பதிவேட்டைப் பாருங்கள்.

பதில் 5: காரிமங்கலம் நூலகர்

ரீல் விஷயத்தில் ஓசூர்த் தம்பி சொல்வது சரிதான், அதைக் கல்லூரிப் பிள்ளை ஒருவரிடம் விடுங்கள். முகநூல் பக்கம் ஒருவரது சொந்தக் கணக்கில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தால் அவர் மாறுதலாகிப் போகும்போது பக்கமும் போய்விடும். நூலகர், வட்டத் தலைவர் இருவருக்கும் இன்றே முழு அதிகாரம் கொடுத்துவிடுங்கள்.