கரைசேர்ப்பு வண்டி: கடல்லயும் வாவியிலயும் ஆக்களக் காப்பாத்துற தீயணைப்பு வாகனத்துக்கு ஒரு பேர்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கடல்லயும் வாவியிலயும் ஆக்களக் காப்பாத்துற தீயணைப்பு வாகனத்துக்கு இலங்கையில எங்கட கிழக்குப் பக்கத்துக்கும் பொருந்துற மாதிரித் தமிழில என்ன பேர் வைக்கலாம் எண்டு நாம கதைச்சதில நாலு யோசனை வந்து கிடக்கு. ஒண்டொண்டா எடுத்துப் பாத்திட்டு என்ட முடிவச் சொல்லுறன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையா வாசியுங்க, ஏனெண்டா இது நாளைக்கு ஒரு வாகனத்திட கதவில எழுதப் போற பேர், தண்ணிக்குள்ள பிள்ளை போற நேரத்தில கரையில நிண்டு ஒராள் கத்திக் கூப்பிடப் போற பேர்.

பேர் வைக்க முதல் சாமான் என்ன எண்டு எல்லாருக்கும் ஒரே படம் மனசில இருக்கணும். சில பேர் படக நினைச்சு எழுதுறீங்க, சில பேர் ஜீப்ப நினைச்சு எழுதுறீங்க, ரெண்டுமே சரிதான், ஆனா அதாலதான் கதை சுத்திச் சுத்தி வருது. அமெரிக்காவில லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில கடற்கரை லைஃப் கார்ட்மார் 1994ல இருந்து ஃபயர் டிபார்ட்மென்டுக்குக் கீழதான் வேலை செய்யுறாங்க. அவங்கட மஞ்சள் பிக்கப்தான் நாம கதைக்கிற சாமானுக்கு நல்ல உதாரணம். தண்ணித் தாங்கியும் இல்ல பெரிய ஏணியும் இல்ல, மேல ரெக்கில மிதக்கிற பலகை, உள்ளுக்க சிவப்பு மிதவை, கழுத்து முதுகு அடிபட்டவங்களக் கிடத்துற பலகை, ஒக்சிசன், ஒலிபெருக்கி, இவ்வளவுதான். ஆனா மணலுக்குள்ள புதையாமப் போகணும் எண்டதால ரயருக்குக் காத்துக் குறைக்கிறது. ரோட்டில முப்பது முப்பத்தைஞ்சு பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) அடிக்கிற ரயர மணலில பதினைஞ்சு இருபதுக்கு இறக்கினா ரயர் அகண்டு மணலுக்கு மேல பரவி நிக்கும், இறக்காமப் போனா உலந்த மணல்ல நாலு சுத்துச் சுத்தி அச்சு வரைக்கும் போயிரும். இது நம்மட கரைவலைக்காரங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. வலை இழுக்க மிசின், அதுதான் டிராக்டர், கொண்டு போறவங்க ஈர மணல் எது உலந்த மணல் எது எண்டு பாத்துத்தான் சில்ல வைப்பாங்க. இன்னொண்டு, பீச்சில வாகனத்த எடுக்க முதல் சாரதி இறங்கி ஒரு தரம் சுத்தி வந்து பாக்கணும், நிழலுக்கு எண்டு வாகனத்துக்குப் பக்கத்தில ஆராவது படுத்துக் கிடப்பாங்க. வேலை முடிஞ்சா ஒவ்வொரு நாளும் அடிப்பக்கத்த நல்ல தண்ணியால கழுவணும், இல்லாட்டி உப்பு தின்டிரும்.

அதுக்குப் பிறகு தண்ணிக்குள்ள போற சாமான்கள். ஜெற் ஸ்கி எண்டு தண்ணிக்கு மேல மோட்டார் சைக்கிள் மாதிரி ஓடுற சாமானுக்குப் பின்னால கைபிடி வைச்ச தட்டையான மெத்தை ஒண்டக் கொழுவி அதில ஒரு ஆள் படுத்துக்கொண்டு போவார். தண்ணிக்குள்ள கிடக்கிறவரப் பிடிச்சு மெத்தையில ஏத்தின உடன ஓட்டுறவர் கரைக்குத் திருப்பிருவார். இதில பெரிய நன்மை வெளியில சுத்துற விசிறி இல்ல, தண்ணிய உள்ளுக்க உறிஞ்சிப் பின்னால பீச்சித்தான் ஓடுது, அதால நீந்துறவங்கட காலக் கையக் கிழிக்காது. ஆனா ஆழம் இல்லாத இடத்தில மணலையும் சல்லியையும் சேத்து உறிஞ்சி எஞ்சின் போயிரும். பாசிக்குடா மாதிரி எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணி நிக்கிற இடத்துக்கும், கல்லடி மாதிரி நாலு எட்டு வைச்சா அடி கிடைக்காத இடத்துக்கும் ஒரே சாமான் சரிவராது. இங்கிலாந்தில மோர்கம் எண்ட இடத்தில சேத்துக் கடல். அங்க தீயணைப்புக்காரர் இல்ல, ஆர்.என்.எல்.ஐ. எண்ட தொண்டு அமைப்பு 2002ல இருந்து காத்து மெத்தையில மிதந்து போற ஹோவர்கிராஃப்ட் வைச்சிருக்கு. ஜப்பானில ஒகாசாகி நகரத் தீயணைப்பில 2013ல ரெட் சலமண்டர் எண்டு ஒண்டு வந்தது, முன்னுக்கு ஒரு பெட்டி பின்னுக்கு ஒரு பெட்டி, ரெண்டையும் தொடுத்து ரப்பர்ச் சங்கிலியில ஓடுது, வெள்ளத்துக்குள்ளயும் இறங்கிப் போகும். செஞ்சது சிங்கப்பூர்க் கொம்பனி. படத்தப் பாத்த உடன எனக்கு நம்மட மிசினும் அது பின்னால இழுக்கிற பெட்டியும்தான் ஞாபகம் வந்தது, இதப் பத்திப் பிறகும் சொல்லுறன்.

சரி, பேருக்கு வருவம்.

அக்கரைப்பற்று சேர் சொன்னது கடற்கரை மீட்பு வாகனம். பாத்த உடன விளங்குது, பிழை சொல்ல ஏலாது எண்டுதான் நானும் நினைச்சன், ஆனா சேர், மீட்பு எண்ட சொல்லுக்கு முன்னால என்ன வருதோ அதத்தான் மீட்கிறோம் எண்டு நம்மட காது எடுக்கும். காணி மீட்பு எண்டா காணிய மீட்கிறது, நகை மீட்பு எண்டா அடகு வைச்ச நகைய மீட்கிறது. இப்ப ஒலுவில்ல போய் கடற்கரை மீட்பு வாகனம் வந்திருக்கு எண்டு சொல்லிப் பாருங்க. துறைமுகம் கட்டினதுக்குப் பிறகு கடல் அரிச்சு அரிச்சு தென்னையும் காணியும் போன சனம் அது, போன கரைய மீட்டுத் தர ஒரு மெசின் வந்திட்டுது எண்டு நினைச்சு ஓடி வருவாங்க. அந்த ஊருக்கு அந்தச் சொல் வேற நோவு.

சென்னையில இருந்து எழுதுற தம்பி சொன்ன நீர்மீட்பு ஊர்தியும் இதே சிக்கல்தான், நிலமீட்பு எண்டா நிலத்த மீட்கிறது போல நீர்மீட்பு எண்டா தண்ணிய மீட்கிறது, கழிவுத் தண்ணிய சுத்திகரிச்சு எடுக்கிற ஆலைக்கு வைச்சா பொருந்தும். ஊர்தியும் எங்கட பக்கம் எழுத்தில மட்டும்தான், வாயில வராது. தம்பி குறை நினைக்க வேணாம், உங்கட ஊரில தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை எண்டு பேரே இருக்கு, அங்க மீட்பு தனிய நிக்கிறதால பிரச்சினை இல்ல, தண்ணியோட ஒட்டினாத்தான் பொருள் மாறுது.

உயிர்காப்பு வண்டி எண்டு கல்முனைத் தங்கச்சி எழுதினது நல்ல சொல், ஆனா அம்புலன்சும் உயிர் காக்கத்தானே வருது. உயிர்காப்பாளர் எண்டு லைஃப் கார்டுக்கு வைச்சிருவம், ஆளுக்கு அது பொருத்தம். குடாக்காவலன் எண்டது கேக்க ஆசையா இருக்கு, பாசிக்குடா கல்குடா எண்டு நம்மட பேரிலயே குடா இருக்கு, லொஸ் ஏஞ்சலிஸ்காரங்களும் தங்கட மீட்புப் போட்டுகளுக்கு பேவாட்ச், அதாவது குடாக் காவல், எண்டுதான் பேர் வைச்சிருக்காங்க. ஆனா அது ஒரு போட்டுக்கு வைக்கிற பேர், ஒரு வகைக்கு வைக்கிற பேர் இல்ல. நம்மட பக்கம் ஒண்டு வாங்கினா அதிட முன்பக்கத்தில குடாக்காவலன் எண்டு எழுதச் சொல்லி நானே கேப்பன்.

நாலு பேரிலயும் எனக்கு முக்கியமாப் பட்ட குறை வேற. நம்மட ஆக்கள் தண்ணியில போறது கடற்கரையில மட்டும் இல்ல. வாவி இருக்கு, ஆத்துவாய் இருக்கு, மாரியில வெள்ளம் வந்தா வாவி கடலோட சேர்ற முகத்துவாரத்த வெட்டி விடுற நேரம் அந்த இழுப்பில ஆள் அகப்பட்டா யோசிச்சுப் பாருங்க, வயல் ரோட்டில தாம்போதி, அதாவது வெள்ளம் வந்தா மேலால பாயுற தாழ்வான பாலம், இருக்கு. 2024 நவம்பரில காரைதீவு மாவடிப்பள்ளியில நடந்தது எல்லாருக்கும் தெரியும், வெள்ளத்துக்குள்ள மிசின் பெட்டியில வந்த மத்ரசாப் பிள்ளைகள் பெட்டியோட கவிழ்ந்து போனாங்க. எழுதவே கை வருகுதில்ல. ஏன் மிசின் பெட்டியில ஏத்தினாங்க எண்டு தூரத்தில இருக்கிறவங்க கேப்பாங்க, 2011 ஜனவரி வெள்ளத்திலயும் அதுக்கு முதலும் பிறகும் நம்மளத் தூக்கிக்கொண்டு போனது மிசின்தான், அதுதான் உயரம், அதுதான் ஊருக்குள்ள கிடக்கு. ஆனா அது மிதக்கவும் மாட்டுது, ஓடுற தண்ணி பக்கத்தால அடிச்சா பெட்டி நிக்கவும் மாட்டுது. அந்த ஜப்பான் வண்டி ஏன் எனக்கு மனசில நிண்டது எண்டு இப்ப விளங்கும். ஆகவே நாம வைக்கிற பேர் கடலையும் வாவியையும் தாம்போதியையும் சேத்துப் பிடிக்கணும், கடற்கரை எண்ட சொல்லோட பேர் நிண்டா மாவடிப்பள்ளிக்கு அப்பிடி ஒண்டு வேணும் எண்டு கேக்கிற நேரம் இது பீச்சுக்குத்தானே எண்டு சொல்லிருவாங்க.

அதால நான் சொல்லுறது கரைசேர்ப்பு வண்டி.

கரை சேக்கிறது எண்ட சொல்ல ஆரும் புதுசாப் படிக்கத் தேவையில்ல. குமர்ப்பிள்ளையள ஒரு வழியாக் கரைசேத்திட்டன் எண்டு உம்மா சொல்லுவா, அம்மா சொல்லுவா. கடலுக்கும் கரைதான் வாவிக்கும் கரைதான் ஆத்துக்கும் குளத்துக்கும் கரைதான், வெள்ளத்துக்குள்ள நிக்கிறவனுக்குத் தாம்போதிட அந்தப் பக்கம்தான் கரை. தீயணைப்பு வண்டியோட சோடியாவும் நிக்குது, தீய அணைக்கிறது தீயணைப்பு, கரையில சேக்கிறது கரைசேர்ப்பு, ஒரு தீயணைப்பு நிலையத்துக்குள்ள ரெண்டு வண்டி நிண்டா பேரும் ஒண்டுக்கொண்டு பக்கத்தில நிக்கும். மீன்பிடிக்காரங்கட சொல்லோட முட்டுமோ எண்டு யோசிச்சன், மீன் இறக்கிற இடத்துக்கு இறங்குதுறை எண்டுதான் நாம சொல்லுறம், முட்டாது.

பேப்பரில நாம அடிக்கடி வாசிக்கிற சொல் கரையொதுங்கியது. அது உயிர் போனதுக்குப் பிறகு எழுதுற சொல். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியில இருந்து பொத்துவில் வரைக்கும் அந்தச் சொல்லக் கேட்டுக் கேட்டு வளந்த பிள்ளைகள் இப்ப பெரிய ஆக்களாகிட்டாங்க. ஒதுங்கிறதுக்கு முதல் சேக்கணும் எண்டதுதானே இந்த வாகனத்துக்கு வேலை.

பிக்கப் மணலிலதான் நிக்குது, அது எப்பிடி ஆளக் கரைசேக்கும் எண்டு ஒரு கேள்வி வரும். தீயணைப்பு வண்டியும் தானா நெருப்ப அணைக்கிறதில்ல, அணைக்கிற ஆளையும் குழாயையும் கொண்டு வருது. இதுவும் பலகையையும் மிதவையையும் நீந்தத் தெரிஞ்ச ஆளையும் தண்ணி விளிம்பு வரைக்கும் கொண்டு போகுது. கல்லடிப் பீச்சில பின்னேரம் நிண்டு பாத்தவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு தெரியும். ரோட்டில வந்து நிக்கிற வாகனத்தில இருந்து பாரமான சாமானத் தூக்கிக்கொண்டு உலந்த மணலுக்குள்ளால ஓடிப்பாருங்க, கால் புதைஞ்சு புதைஞ்சு தண்ணிக்குக் கிட்ட வாற நேரம் மூச்சு வாங்கும், அந்த மூச்சோட எப்பிடி அலைக்குள்ள பாயுற. இப்ப அந்த இடத்தில முதல்ல பாயுறது கரைவலைக்காரங்களும் வள்ளக்காரங்களும்தான், கயிற எறிஞ்சு, வெத்துக் கானக் கட்டி எறிஞ்சு, ஆரும் சொல்லிக் குடுக்காமலே செய்யுறாங்க. அவங்க வாயில வராத பேர் நமக்கு வேணாம்.

வண்டியா வாகனமா எண்ட சண்டைக்கு என்ட பதில் வண்டி. எங்கட பக்கம் வண்டி எண்டா வயிறும்தான், சின்னப் பிள்ளையள் சிரிக்கும் எண்டு ஒரு அண்ணன் எழுதியிருந்தார். ஓம், ஆனா முச்சக்கர வண்டி எண்டு சொல்லுற நேரம் ஆரும் சிரிக்கிறதில்ல, நோயாளர் காவு வண்டி எண்டு ஆசுபத்திரி வாகனத்தில எழுதிக் கிடக்கு, அதுக்கும் சிரிக்கிறதில்ல. தமிழ்நாட்டு ஆக்கள்தான் அந்தக் காவப் பாத்துப் பயப்பிடுறாங்க, அங்க காவு எண்டா பலி, இங்க காவுற எண்டா தூக்கிக்கொண்டு போற. அதால அவங்களும் நாமளும் ஒரே மாதிரி விளங்குற சொல் எண்ட வகையிலயும் கரைசேர்ப்புக்கு நான் கூடப் புள்ளி போடுவன்.

மற்றச் சொல்லுகளக் கெதியாச் சொல்லிட்டுப் போறன். தண்ணியில போறதுக்கு கரைசேர்ப்புப் படகு. நிலத்திலயும் தண்ணியிலயும் போறதுக்கு ஈரூடகக் கரைசேர்ப்பு வண்டி, தவளைக்கு ஈரூடகவாழி எண்டு பள்ளிக்கூட விஞ்ஞானத்தில படிச்சதுதானே, அத வேற சொல்லுத் தேடி மாத்த வேணாம். ஜெற் ஸ்கி ஜெற் ஸ்கியாவே இருக்கட்டும், அறுகம்பையில அலைச்சறுக்கு சீசனுக்கு வேலை செய்யுற பொடியன்மாரிட போய் வேற பேர் சொன்னா அவன் எந்த சாமான எடுத்துத் தாற எண்டு நிப்பான். அதுக்குப் பின்னால கொழுவுற மெத்தைக்கு ஏத்துமெத்தை. மேல ரெக்கில கட்டுற பலகைக்கு மிதவைப் பலகை. ஹோவர்கிராஃப்டுக்கு வளிமெத்தைக் கலம் எண்டு ஒராள் எழுதினது நல்லா இருக்கு, ஏற்கலாம்.

கதவில எழுதுற நேரம் மூண்டு மொழியும் வரணும், இடம் காணாது, அதால தமிழில கரைசேர்ப்பு எண்ட ஒரு சொல் மட்டும் பெருசா வந்தாலே போதும், வண்டிய விட்டிரலாம், தூரத்தில வெயிலுக்குள்ள நிண்டு பாக்கிறவனுக்கும் தெரியும்.

எனக்கு முடிவு வராமக் கிடக்கிறது ஒண்டுதான், பைக்குள்ள சுருட்டி வைச்சு எறியுற கயிறு, எறிஞ்ச உடன பை அவிழ்ந்து கயிறு நீளமாப் போற சாமான். எறிகயிறு எண்டு இப்போதைக்குப் போட்டிருக்கன். மருதமுனை, திருக்கோவில், வாழைச்சேனைப் பக்கம் வள்ளத்தில இருந்து கரைக்குக் கயிறு எறியுறதுக்கு என்ன சொல்லுறாங்க எண்டு கடலுக்குப் போற ஆக்களிட்டக் கேட்டு எழுதுங்க, அவங்கட்ட ஒரு சொல் இருந்தா எறிகயிற வெட்டிட்டு அதையே போடுவம்.