நடு ராத்திரியில் வலிப்பு வந்தால் மணியை எங்கே கொண்டு போவது?

எங்கள் மணிக்கு ஒன்பது வயது. லேப்ரடார் நாய், 28 கிலோ. ஊர் கோபாலபுரம், பொள்ளாச்சி – பாலக்காடு சாலையில் கேரள எல்லையை ஒட்டி.

ஜூனில் சிறுநீரகம் பழுது என்று தெரிந்தது. மூன்று வாரமாக வலிப்பும் சேர்ந்துகொண்டது. முதலில் வாரம் ஒன்று, இப்போது ஒரே ராத்திரியில் மூன்று. கால்கள் விறைத்து, நீந்துவதுபோல் அடித்துக்கொள்கிறான். வாயில் நுரை, சிறுநீரும் போய்விடுகிறது. வலிப்பு நின்ற பிறகு ஒரு மணி நேரம் கண் தெரியாதவன்போல் சுவரில் முட்டிக்கொண்டே நடப்பான். அதைத்தான் பார்க்க முடியவில்லை.

வலிப்புக்கு ஃபீனோபார்பிட்டோன் மாத்திரை 60 மி.கி. காலையும் இரவும் 18 நாளாகத் தவறாமல் கொடுக்கிறோம். இன்னொரு வலிப்பு மருந்தான பொட்டாசியம் புரோமைடு சேர்க்கலாமா என்று கேட்டேன். அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும், இவனுக்கு வேண்டாம் என்றார் மருத்துவர். அவசரத்துக்கு ஆசனவாய் வழியே செலுத்த டயஸிபாம் தந்திருக்கிறார். வலிப்பு வந்ததும் விளக்கை அணைத்து, தலைக்கடியில் துணி வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் உட்காருவோம். வாய்ப் பக்கம் கை கொண்டுபோவதில்லை.

நேற்று டயஸிபாம் கொடுத்தும் ஐந்து நிமிடம் தாண்டியது. எங்கள் மருத்துவர் இரவு ஒன்பதுக்கு மேல் பார்ப்பதில்லை.

பொள்ளாச்சி, கோவை, பாலக்காடு பக்கம் இரவு முழுக்க நாய்க்கு ஊசி போடவும் ட்ரிப் ஏற்றவும் டாக்டர் இருக்கும் இடம் எது?